ரயில் மேட்டில் எங்கள் வீடு

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம். ஆனால் அங்கே ரயில் கிடையாது. ஜோலார்பேட்டைக்கோ திருப்பத்தூருக்கோ ஓசூருக்கோ போய்த்தான் ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த லட்சணத்தில், பர்கூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இருக்கும் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு ரயில் மேடு என்று பெயர். புதிதாக அந்த வழியில் வரும் கண்டக்டர்கள் பெயரைச் சொல்லிவிட்டுத் தாங்களே ஒருமுறை சிரித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஒருகாலத்தில் ரயில் இருந்தது உண்மை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வெள்ளைக்காரன் போட்ட சின்ன ரயில். இரண்டாம் உலகப் போர் வந்தபோது சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற நாடுகளில் குண்டு விழுந்து பாலம் உடைந்தது, ஸ்டேஷன் எரிந்தது என்று படித்திருக்கிறோம். எங்கள் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை. ஆட்கள் வந்தார்கள், போல்ட்டைக் கழற்றினார்கள், வண்டியில் ஏற்றினார்கள், போனார்கள். குண்டு விழுந்த ஊர்களிலெல்லாம் சண்டை முடிந்ததும் பாதையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு மட்டும் யாரும் போடவில்லை.

அந்தத் தண்டவாளம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. உருக்கிப் பீரங்கி செய்தார்கள் என்பார் ஒருவர். அரபு தேசத்துப் பாலைவனத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்பார் இன்னொருவர். ஏற்றிய கப்பலே நடுக்கடலில் மூழ்கிவிட்டது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. கழற்றிய ஆட்களில் என் தாத்தாவும் ஒருவர். கூலிக்குப் போனவர். "சண்டை முடிஞ்சதும் மறுபடியும் போட்டுக் குடுத்துடுவோம்னு தொர சொன்னாரு" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் சொன்னதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலை முடிந்தபின் அந்தக் கூலிக்காரர்களுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. ஊருக்குள் குடிசை போட விடமாட்டார்கள். தண்டவாளம் போன மண்மேடு சும்மாதான் கிடந்தது. அதன் மேலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். அப்படி உண்டானதுதான் எங்கள் காலனி. பதினெட்டு வீடுகளும் ஒரே வரிசையில் இருக்கும். மேட்டின் அகலத்தில் இரண்டு வரிசைக்கு இடமில்லை.

எங்கள் காலனிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேடு நீண்டுதான் கிடந்திருக்கும். ஆனால் அதெல்லாம் நிலக்காரர்களின் வயல்களுக்கு நடுவே இருந்தது. அவர்கள் வருஷத்துக்கு ஒரு சால், இரண்டு சால் என்று உள்ளே தள்ளி உழுது மேட்டைக் கரைத்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு ரயில் பாதையையே கேழ்வரகில் மறைத்தார்கள். எங்களிடம் ஏர் இல்லை, அதனால் எங்கள் மேடு அப்படியே நின்றது.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பர்கூர் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை செய்தவர். இப்போது நாலு எட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. ரயிலில் அவர் ஏறியது மொத்தம் மூன்று முறை இருக்கும். ஆனாலும் ரயில் பேச்சு எடுத்தால் அவருக்குத் தனிக் குஷி. காரணம் நான்தான். ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து ஊருக்கு வந்து, மறுநாள் விடியற்காலை திரும்பிப் போவது நடக்காத காரியம். சிப்காட் பக்கத்தில் ஒரு ரூமில் என்னைப்போல இன்னும் நாலு பெண்களோடு ஆறு நாள். ஏழாவது நாள் வீடு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே நேரம் சரியாகப் போய்விடுகிறது என்று சொல்லிவிடுவேன்.

"ரயில் மட்டும் வந்துடட்டும். நீ தெனமும் ஊட்டுலயே படுத்துக்கலாம். காலையில அம்மா கையால தின்னுட்டு ஏறுனின்னா ஓசூர்ல போய் எறங்கிக்கலாம்" என்பார் அப்பா.

"ரயில் வர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்பா" என்பேன்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தேர்தல் வந்தால் ரயில் வரும். தேர்தல் போனால் அதுவும் போய்விடும். சர்வே என்று சொல்லி யாராவது வருவார்கள், அளப்பார்கள், டீ குடிப்பார்கள், காணாமல் போவார்கள். அதனால் எங்கள் கவலையெல்லாம் ரயிலைப் பற்றியதாக இருக்கவில்லை. பட்டாவைப் பற்றித்தான் இருந்தது.

எங்களிடம் வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரன்ட் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. பட்டா இல்லாவிட்டால் அரசாங்கத் திட்டத்தில் கான்கிரீட் வீடு கிடைக்காது. மழை பிடித்தால் எங்கள் சிமென்ட் ஷீட்டில் ஏழு இடத்தில் ஒழுகும். ஏழு இடமும் அம்மாவுக்கு மனப்பாடம். வானம் கறுத்ததும் விளக்கு இல்லாமலே போய்ப் பாத்திரங்களைச் சரியான இடத்தில் வைத்துவிடுவாள். மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தபிறகு, போன வருஷம்தான் கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பதினெட்டு வீட்டையும் அளந்துகொண்டு போனார். இந்த முறை வந்துவிடும் என்று அவரே சொன்னார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அதற்கு மூன்றாம் மாதம் சர்வேக்காரர்கள் வந்தார்கள்.

காய்ச்சலுக்காக லீவு போட்டுவிட்டு அந்த வாரம் நான் வீட்டில் இருந்தேன். நாலு பேர், ஒரு ஜீப், முக்காலியில் நிற்கும் ஒரு கருவி. பொறுப்பாக வந்த இஞ்சினீயர் இளவயதுக்காரர், தெலுங்கு பேசுகிறவர். தமிழில் தட்டுத் தடுமாறிப் பழைய ரயில் பாதை எங்கே போனது என்று ஊருக்குள் கேட்டிருக்கிறார். நிலக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கையை விரித்தார்கள். எங்க நெலத்துல அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே சார், எங்க பாட்டன் காலத்துலேருந்து இது பட்டா நெலம் சார். ஊரிலேயே பெரிய நிலக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்து, அதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும் சார் என்று மலையைக் காட்டினாராம்.

அப்புறம் ஜீப் எங்கள் காலனிக்கு வந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். குவாரியில் கற்றுக்கொண்ட தெலுங்கு அன்றைக்குத்தான் முழுசாக உதவியது.

"ரண்டி சார், நேனு சூபிஸ்தானு" என்றார். வாங்க சார், நான் காட்டுகிறேன்.

இரண்டு நாள் காட்டினார். மூச்சு வாங்கினால் கொஞ்சம் உட்காருவார், மறுபடி எழுந்து நடப்பார். எங்கள் மேடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஓடையில் ரயில் பாலத்துக்குக் கட்டிய கருங்கல் தூண் எந்தப் புதருக்குள் நிற்கிறது, எஞ்சினுக்குத் தண்ணீர் எடுத்த கிணறு எது, எல்லாவற்றையும் காட்டினார். வயலுக்குள் கரைந்துபோன பகுதியைக் காட்டச் சொன்னபோது மட்டும் சற்றுத் தயங்கினாராம். அந்தப் பெரிய நிலக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் கை நீட்டவில்லை. "அங்க எனக்குச் சரியாத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டார். தெரியும். தரையோடு தரையாகிப்போன அந்த இடத்தை அவருடைய அப்பா நடந்தே காட்டியிருக்கிறார். பிறத்தியார் நிலத்தைக் கை காட்டக் கூடாது என்பது எங்கள் காலனியில் எழுதாத சட்டம். காட்டினவன் மறுநாள் அந்த நிலத்தில் கூலிக்குப் போக முடியாது. கூலிக்குப் போவதை அப்பா விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனாலும் கை எழவில்லை. சொந்த வீட்டைக் காட்டத் தடை சொல்லத்தான் ஒரு சட்டமும் இல்லை.

அப்பாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும்தான் மோர் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா அந்தக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பதைப் போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். ரூமில் இருந்த பெண்கள் எல்லாரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். ஓசூரில் மேஸ்திரி மாதிரி முப்பது பேரை வேலை வாங்குகிறேன், ஒரு வயர் மாறினால் வண்டி கிளம்பாது என்று தினமும் பாடம் எடுக்கிறேன். ஆனால், இந்த மேட்டில்தான் பாதை என்றால் இந்த மேட்டில்தானே நம் வீடு இருக்கிறது என்பது அந்த இரண்டு நாளும் என் மண்டையில் ஏறவில்லை.

அம்மாவுக்கு ஏறியது. மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறியும் எண்ணும் போட்டார்கள். இரண்டு வீடு தள்ளி ஒரு கல் நட்டார்கள். அம்மா பல்பொடிக் கையோடு வந்து பார்த்தாள்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்டு, இப்ப குடையுது குடையுதுன்னா என்னா பண்றது?" என்றாள். அப்பா இன்னும் குடைகிறது என்றே சொல்லியிருக்கவில்லை. அவர் அந்த அம்புக்குறியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா போவுது பாரு. எங்கப்பன் சொன்ன மாதிரியே போவுது" என்றார்.

அடுத்த வாரம் பட்டா விஷயமாக விசாரிக்கப் போன பக்கத்து வீட்டு அண்ணனிடம், ரயில் சர்வேயில் இருக்கும் இடத்துக்கு இப்போது எதுவும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலனியில் யாரும் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயடியில் அவர் வந்தால் பேச்சு நின்றது. அவ்வளவுதான் செய்தார்கள்.

மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. படித்தவள் என்று பெயர் எடுத்தால் இதுதான் கதி. பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், எங்கள் வீடுகளை விட்டுவிடுங்கள் என்று பணிவாக எழுதினேன். பக்கத்து வீட்டு அண்ணன் படித்துப் பார்த்தார்.

"இப்படி எழுதுனா குப்பையிலதாம்மா போடுவாங்க. ரயிலே வேணாம்னு எழுது. அப்பத்தான் நின்னு கேப்பான்."

அப்படி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசுகிற யோக்கியதை அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு இல்லை. 'எங்கள் பகுதி வழியாக ரயில் பாதை வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பதினெட்டு வீட்டுக் கையெழுத்தும் வாங்கினார்கள். அப்பாவைக் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். வந்து போட்டார்.

திங்கள்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் பைகளைச் சோதித்தார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயம். ஒரு பெண் போலீஸ் அப்பாவின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "நான் என்னா கொளுத்திக்கவா வந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே டோக்கன் வாங்க வரிசையில் நின்றபோதுதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். டவுன் கடைக்காரர்கள், மாங்காய் மண்டிக்காரர்கள் என்று முப்பது பேர், பேனரோடு. ரயில் வேண்டும் என்று மனுக் கொடுக்க வந்திருந்தார்கள். நடுவில் எங்கள் ஊர்ப் பெரிய நிலக்காரர். அப்பாவைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கூப்பிட்டார்.

"வாய்யா, வாய்யா. பழைய லைன் தெரிஞ்ச ஆளே நீதான். நீ இல்லாம எப்படி?"

அவர் அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். அவர் கூப்பிட்டு அப்பா போகாமல் இருந்தது கிடையாது. நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் போய்விட்டார். அங்கே பேப்பரை நீட்டினார்கள், பேனா கொடுத்தார்கள், போட்டோவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அப்பா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். சர்வேக்காரர்கள் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் வரிசைக்கு வந்து மறுபடி நின்றுகொண்டார்.

"என்னப்பா பண்ணீங்க?"

"ரயில் வேணும்னுதானே போட்டேன். ஊட்ட இடின்னா போட்டேன்?"

இரண்டு மனுவும் ஒரே அதிகாரியின் மேஜைக்குத்தான் போயின. நடுவயதுக்காரர், கெட்ட மனிதர் இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். எங்கள் மனுவைப் பார்த்தார். ரயில் மேடு என்ற விலாசத்தோடு அதே பேரைச் சற்று முன்தான் பார்த்திருப்பார் போல, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். முன்னால் வாங்கி வைத்த மனுவைக் கட்டிலிருந்து உருவி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, இதுல ரயில் வேணும்னு உங்க கையெழுத்து இருக்கு. இதுல வேண்டாம்னு இருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

"ரெண்டும் வேணுங்க சார். ரயிலும் வரணும், ஊடும் இருக்கணும்."

"அப்படி எழுதிக்க முடியாதுங்களே. ஒண்ணுதான் சொல்லணும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். நிலக்காரர் கதவுப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரும்தான் சார் ரயிலு வேணும்னு போட்டிருக்காரு. அவருகிட்ட நெலம் வேணுமா, ரயிலு வேணுமான்னு கேட்டீங்களா?"

அந்த அதிகாரி கதவுப் பக்கம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். விளங்கி என்ன செய்ய? அந்த மேஜைக்கு அதற்கு மேல் அதிகாரம் இல்லை. "ஒண்ணுல பேரை எடுத்தாத்தாங்க இன்னொண்ணு நிக்கும். இல்லைன்னா உங்க காலனி மனுவையே சந்தேகப்படுவாங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். பேனாவை அப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்பா பேனாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எங்கள் பின்னால் காலனிக்காரர்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தொண்டையைச் செருமினார்.  நான்தான் பேனாவை எடுத்தேன். ரயில் வேண்டும் என்ற மனுவில் அப்பாவின் கையெழுத்தைத் தேடி, அதன் மேல் இரண்டு கோடு போட்டு அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார் அதிகாரி. அதையும் நானே போட்டேன். அப்பா தடுக்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

 திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது, அப்பா உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, "குடுத்துட்டோம்" என்று மட்டும் சொன்னார். காலனிக்காரர்கள் மறுபடி அவரோடு பேச ஆரம்பித்தார்கள். குழாயடியில் பழையபடி கிண்டல் பண்ணினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ஓசூருக்குப் போய்விட்டேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். ரயில் பாதை குறித்து இறுதி முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. முடிவு எடுக்கப்படும்வரை மேற்படி இடத்துக்குப் பட்டா வழங்குவதைப் பரிசீலிக்க இயலாது. மூன்றே வரிதான். அம்மா உள்ளே போய்விட்டாள். இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அப்பா ரயிலைப் பற்றிப் பேசி அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்கவில்லை. நான் தினமும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வதைப் பற்றியும் பேசவில்லை. நான் கடிதத்தை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தேன். மதியத்துக்கு மேல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வழக்கம்போல ரோடுவரைக்கும் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"அன்னிக்கு அந்த ஆபீசரு எது வேணும்னு எங்கிட்டத்தானேம்மா கேட்டாரு?" என்றார்.